அம்மா நடக்க நீ கொட்டிய பானை

எண்ணெய் வாசத்தோடு வீட்டுக்குள் நுழையும் என் தம்பி குத்தாலிங்கத்துக்கு,

நலமா என்று எழுதக் கை போகிறது. பழக்க தோஷம். இங்கே சாரல் இன்னும் விடவில்லை. மேலகரத்து வீட்டுச் சுவரெல்லாம் ஈரம் பூத்துக் கிடக்கிறது. நீ போன அன்று காலையில் துவைத்துப் போட்ட சட்டை இரண்டும் பின்கட்டுக் கொடியிலேயே தொங்குகின்றன. எப்போதோ காய்ந்துவிட்டன. யாராவது கேட்டால் இன்னும் காயவில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நான் இப்போது உன் வீட்டில்தான் இருக்கிறேன். தென்காசியிலிருந்து தையல் மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். உன் அத்தான் புளியங்குடியிலிருந்து எலுமிச்சை லோடு ஏற்றிக்கொண்டு கேரளாவுக்குப் போவதும் வருவதுமாக இருக்கிறார், நடுவில் ஒரு வேளை இங்கே சாப்பிட்டுவிட்டுப் போகிறார். ஜாக்கெட் தைக்கக் கொடுத்தவர்கள் எல்லாம் போன் போட்டு ஏசுகிறார்கள். சாவு விழுந்த துட்டி வீட்டுக்காரி என்று கொஞ்ச நாள் பொறுத்தார்கள், இப்போது ஆடித் தள்ளுபடியில் சேலை எடுத்துவிட்டார்கள், பொறுப்பார்களா?

உன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குற்றாலத்து அருவிக்கரையில், குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்க்கிற இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், பக்கத்தில் இருந்தவர்கள் ஆஸ்பத்திரிக்கு வாலே என்று கூப்பிட்டபோது போயிருக்க வேண்டாமா? வாய்வுதான் என்று சொல்லி இஞ்சி சோடா வாங்கிக் குடித்தாயாமே. சோடாவைக் குடித்துவிட்டு இன்னொரு ஆளுக்கு எண்ணெய் தேய்க்க உட்கார்ந்தாயாமே. சீசன் ஆரம்பித்து நாலு காசு பார்க்கிற நேரம் என்று நினைத்தாயா? உன்னிடம் கேட்க வேண்டிய கேள்வியை ஊர் முழுக்க என்னிடம் கேட்கிறது.

சரி. அம்மாவைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன்.

அம்மா நடப்பதை விட்டுவிட்டாள். நீ போன அன்றிலிருந்து கட்டிலை விட்டு அவள் கால் தரையில் ஊன்றி ஒரு எட்டு வைக்கவில்லை. நானும் பக்கத்து வீட்டுக்காரியும் சேர்ந்து தூக்கித்தான் பாத்ரூமுக்குக் கொண்டுபோனோம். முதுகில் சிவப்பாக ஒரு தடம் விழ ஆரம்பித்தது. தென்காசியில் நீ கூட்டிக்கொண்டு போகும் டாக்டர் அதைப் பார்த்தார். இப்படியே இன்னும் கொஞ்ச நாள் கிடந்தால் அப்புறம் எழுந்திருக்கவே மாட்டார்கள், புண் வந்துவிடும், எப்படியாவது நடக்க வையுங்கள் என்றார். எப்படியாவது என்று அவர் சொன்னது எந்த வழி என்று எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும்.

உனக்குத் தெரியாததா என்று விட்டுவிடலாம். ஆனால் இதை நாலு பேர் படிப்பார்கள், அவர்கள் வீட்டிலும் நடுக்குவாதம் வந்த அம்மாவோ அப்பாவோ இருக்கக்கூடும். அவர்களுக்காகச் சொல்கிறேன். காலமெல்லாம் பீடி சுற்றிய கை நம் அம்மாவுடையது. முதலில் அந்தக் கை நடுங்கியது. இலையை மடக்க முடியாமல் முறத்தை ஓரமாக வைத்தாள். அப்புறம் காலுக்கு வந்தது. நடந்துகொண்டே இருப்பாள், கதவு நிலை வந்ததும் நின்றுவிடுவாள். கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். தள்ளினால் விழுவாள். "நான் எடுக்கத்தான் செய்யுதேன், அது வரமாட்டேங்குது" என்று காலையே முறைத்துப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

அப்போதுதான் நீ தட்டிப் பார்த்தாய். பாட்டுப் போட்டால், தாளம் போட்டால் சிலருக்குக் கால் எழும்பும் என்று டாக்டர் ஏதோ பேச்சுவாக்கில் சொன்னதைப் பிடித்துக்கொண்டாய். எவர்சில்வர் தட்டில் தட்டினாய், அம்மா திடுக்கிட்டு இன்னும் விறைத்துப்போனாள். பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டினாய், "ஏலே, தலைக்குள்ள அடிக்க மாதிரி இருக்கு, நிப்பாட்டு" என்றாள். கடைசியில் அடியில் ஓட்டை விழுந்து மூலையில் கிடந்த தண்ணீர்ப் பானையை எடுத்தாய். அடியை முழுவதும் தட்டி எடுத்துவிட்டு, வாயில் உன் பழைய வேட்டியைக் கிழித்துக் கஞ்சியில் நனைத்துப் போர்த்தி, தாளும் துணியுமாக மாற்றி மாற்றி ஒட்டிக் கயிற்றால் இறுக்கிக் கட்டினாய். காய்ந்ததும் தோல் போலவே விறைத்தது. தட்டினால் தும் என்று வயிற்றுக்குள் இறங்குகிற சத்தம். அம்மா அன்றைக்கு நிலையைத் தாண்டினாள். நீ போனில் கூப்பிட்டு, "எக்கா, அம்மா நடக்கா பாரு" என்று போனைத் தரையில் வைத்துவிட்டுக் கொட்டினாய். நான் கடையில் கத்தரியும் கையுமாக நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டேன்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் நீ வேலைக்குக் கிளம்பும் முன் வாசல் வரை ஒரு நடை, பாத்ரூமுக்கு ஒரு நடை. சாரல் காலத்தில் துணி தொய்ந்துபோகும், அடுப்புப் பக்கம் காட்டிச் சூடாக்குவாய். பக்கத்து வீட்டுக்காரர்கள் முதலில் சிரித்தார்கள், அப்புறம் அந்தச் சத்தம் கேட்காத காலையில் என்ன ஆச்சு என்று எட்டிப் பார்த்தார்கள்.

உன்னைக் கொண்டுவந்து முன்னறையில் கிடத்தியபோது அம்மா உள் அறையில் கட்டிலில் இருந்தாள். அவளிடம் யாரும் எதையும் மறைக்கவில்லை. மறைக்கவும் முடியாது, வீடு கொண்ட மட்டும் கூட்டம், அழுகை. அவள் அழவில்லை. கட்டிலில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துகொண்டு, வருகிற போகிறவர்களிடம் எல்லாம் ஒன்றையே கேட்டாள். "யாராவது அந்தப் பானையக் கொட்டுங்களேன். நான் நடந்து வந்து என் பிள்ளையப் பாக்கேன்."

நான் பானையை எடுக்கத்தான் போனேன். கீழப்பாவூர்ப் பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கிறுக்காட்டி உனக்கு? துட்டி வீட்டுக்குள்ள கொட்டுச் சத்தம் கேட்டா ஊரு என்ன சொல்லும்? அவளுக்குத்தான் புத்தி பேதலிச்சிருக்கு, நீயுமா?" என்றாள். தெருவில் உனக்காகக் கொட்டு முழங்கிக்கொண்டிருந்தது. அது ஊர் வழக்கம், அதை யாரும் குறை சொல்லவில்லை. உள்ளே அம்மாவுக்காகப் பானையில் தட்டினால்தான் குறை. தெருக்கொட்டின் வேகத்தைக் கேட்கக் கேட்க அம்மாவின் கால் இன்னும் ஒட்டிக்கொண்டது.

கடைசியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து நாலு பேர் தூக்கி வந்தார்கள். உன் காலடியில் நாற்காலியை இறக்கினார்கள். அதற்குள் பெண்கள் உன் மேல் விழுந்து அழுதார்கள். நேரமாகிறது, மழை வலுக்கிறது என்று ஆண்கள் அவசரப்பட்டார்கள். நாற்காலியைத் திரும்பத் தூக்கி உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். அம்மா என்ன பார்த்தாள், எவ்வளவு பார்த்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. நான் அப்போது உன் தலைமாட்டில் இருந்தேன், உன் முகத்தைத் தவிர எதையும் பார்க்கவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வீடு கழுவினார்கள். தீட்டு வீட்டில் பழைய மண்பாண்டம் எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது அல்லவா, பெரியம்மா அடுக்களையில் இருந்த மண்சட்டி, குழம்புச் சட்டி எல்லாவற்றையும் எடுத்துக் கொல்லையில் போட்டு உடைத்தாள். நீ கொட்டும் பானையை அவள் கண்ணால் பார்த்ததில்லை, வாயில் துணி கட்டி ஒரு பானை இருந்தால் அது என்னவாக இருக்கும் என்று அவள் நினைப்பாள்? நான் தேங்காய் பழம் வாங்கத் தென்காசிக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது எல்லாம் சில்லு சில்லாகக் கிடந்தது. உன் வேட்டித் துணி மட்டும் வட்டமாகக் கயிற்றோடு மழையில் நனைந்துகொண்டிருந்தது.

"எனக்கு எப்படிட்டி தெரியும்? நான் ஊறுகாய்ப் பானைன்னுல்லா நெனச்சேன். ஊறுகாயும் காலியாத்தான் போச்சேன்னு எடுத்துப் போட்டு உடைச்சேன்" என்றாள் பெரியம்மா. அப்புறம் விஷயம் புரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டு அவளும் அழுதாள். அவளை என்ன சொல்வது? வழக்கத்தைத்தான் செய்தாள். எனக்குத்தான் ஆத்திரம் அடங்கவில்லை, அன்றைக்குப் பந்தியில் அவளுக்கு நான் பாயசம் ஊற்றவில்லை. அவள் கீழப்பாவூர் பஸ் ஏறும்போது கையைப் பிடித்துக்கொண்டு, "புதுசா ஒண்ணு செஞ்சிருட்டி" என்றாள். நீயில்லாமல் யார் செய்வது என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டேன்.

வேறு வழியில்லை, நான்தான் செய்தேன்.

தென்காசிச் சந்தையில் ஒரு பானை வாங்கினேன். அடியைத் தட்டப் போய் முதல் பானை வாய்வரைக்கும் பிளந்துவிட்டது. இன்னொன்று வாங்கி வந்து தண்ணீரில் நன்றாக ஊறப்போட்டு, ஆணியால் வட்டமாகப் புள்ளி புள்ளியாகக் குத்தி, மெல்ல மெல்லத் தட்டி எடுத்தேன். உன் அத்தான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "கடையில ஒரு மத்தளம் வாங்கித் தாரேனே, எதுக்கு இந்தப் பாடு?" என்றார். அம்மாவுக்குப் பானைச் சத்தம்தான் கேட்கும் என்றேன். அவர் ஆணியை வாங்கி மிச்ச அடியை எடுத்துக் கொடுத்தார்.

துணிக்கு எங்கே போவது என்று நான் யோசிக்கவே இல்லை. நீ வேலைக்குக் கொண்டுபோகும் துண்டு உன்னோடு வீட்டுக்கு வந்திருந்தது, தீட்டுக் கழிக்கும்போது நான் ஒளித்து வைத்திருந்தேன். உன் துண்டைப் போட்டுக் கட்டினால் அம்மாவுக்கு உன் வாசம் அடிக்கும், அதற்காகவாவது எழுந்து வருவாள் என்று நினைத்தேன். சோப்புப் போட்டுக்கூட அலசவில்லை. மைதாப் பசை காய்ச்சி, துண்டை வெட்டிப் போர்த்தி, பிரவுன் தாள் ஒட்டி, மேலே இன்னொரு மடிப்புத் துணி ஒட்டினேன்.

ஒட்டவில்லை. இன்றைக்கு ஒட்டிய தாள் மறுநாள் காலையில் சுருண்டு எழுந்து நின்றது. சாரல் ஈரம் என்று நினைத்து அடுப்புப் பக்கம் காட்டினேன். சூடு பட்டதும் துண்டிலிருந்து எண்ணெய் கசிந்து மேலே வந்தது. இத்தனை வருஷம் எத்தனை பேர் முதுகைத் துடைத்த துண்டு அது, நூலுக்கு நூல் எண்ணெய். பசை எங்கே பிடிக்கும்? துணி அறுப்பதும் தைப்பதும்தான் எனக்குப் பிழைப்பு. எண்ணெய்த் துணியில் பசை நிற்காது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். அன்றைக்குத் தெரியவில்லை. பானையை மடியில் வைத்துக்கொண்டு, உன் துண்டு முகத்தில் படக் குனிந்து நன்றாக அழுதேன். நீ போனதிலிருந்து அப்படி அழ எனக்கு நேரமே கிடைக்கவில்லை.

அப்புறம் புத்தி வந்தது. ஜாக்கெட்டுக்குள் வைத்துத் தைக்கும் லைனிங் துணியைக் கஞ்சி போக வெந்நீரில் அலசி எடுத்தேன். ஜாக்கெட் அளவு வெட்டும் பிரவுன் தாளைக் கிழித்துப் பசையில் ஊறவைத்தேன். துணி, தாள், துணி, தாள் என்று ஒட்டி, ஒவ்வொரு தடவையும் மேலே ஒரு துண்டுத் துணியைப் போட்டு இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துக் காயவைத்தேன். வெயிலே இல்லாத ஊரில் வேறு என்ன செய்ய? பானைக் கழுத்தில் கயிற்றைச் சுற்றி முறுக்கினேன். விரலால் சுண்டியதும் தும் என்றது.

அம்மாவின் அறை வாசலில் உட்கார்ந்து கொட்டினேன். அம்மா திரும்பிப் பார்த்தாள். காலைக் கீழே வைத்தாள், எழுந்து நின்றாள். நான் கொட்டக் கொட்டக் கால் படபடவென்று நின்ற இடத்திலேயே அடித்தது, முன்னே வரவில்லை. உடம்பு முன்னால் சாய்ந்தது. நான் பானையைப் போட்டுவிட்டு ஓடிப் பிடித்தேன். கட்டிலில் உட்கார வைத்ததும், "சத்தம் நல்லாத்தான் இருக்கு. கால் கேக்கலையே" என்றாள். அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாள் பானையைப் பார்த்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

லிங்கம், நீ என்ன தாளத்தில் கொட்டினாய்? ஞாயிற்றுக்கிழமை வந்து போகும்போது நானும் கேட்டிருக்கிறேன். தும் தும் என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் நினைவில்லை. இருக்கிறவன் செய்கிற காரியத்தை யார் உன்னிப்பாகக் கவனிக்கிறார்கள்?

உன் கை எங்கே பழகியது என்று யோசித்தபோது குற்றாலம்தான் ஞாபகம் வந்தது. எண்ணெய் தேய்த்து முடித்ததும் முதுகில் குவித்த கையால் தட்டுவாயே, அந்தத் தட்டு. உன் அத்தானைக் கூட்டிக்கொண்டு மெயின் அருவிக்குப் போனேன். அன்றைக்குத் தண்ணீர் ஏகமாக விழுந்ததால் குளிக்கத் தடை போட்டிருந்தார்கள். வந்த கூட்டம் எல்லாம் தூரத்தில் நின்று அருவியைப் படம் பிடித்துக்கொண்டிருந்தது. எண்ணெய் தேய்க்கிறவர்கள் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். நீ உட்காரும் கல்லில் ஒரு பாட்டிலும் இல்லை, யாரும் அதில் உட்காரவும் இல்லை.

உன்னோடு வேலை பார்த்த பரமசிவம் அண்ணாச்சி எழுந்து வந்தார். உன்னை ஆஸ்பத்திரிக்கு வா என்று கூப்பிட்டவர் அவர்தானே. என் முகத்தைப் பார்க்க முடியாமல் கூச்சப்பட்டார். நான் வந்த காரியத்தைச் சொன்னேன். என் தம்பி முதுகில் எப்படித் தட்டுவான், அதை எனக்குக் காட்ட வேண்டும் என்றேன்.

"எப்படிம்மா காட்டுவேன்? உனக்குத் தேய்க்க முடியுமா?" என்றார்.

நான் உன் அத்தானைக் காட்டினேன். சட்டையைக் கழற்றுங்கள் என்றேன். அந்த மனுஷன் என்னையும் அருவியையும் சுற்றி நின்ற கூட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "லாரி ஓட்டுதவன இப்படியா நடு ரோட்டுல உக்கார வைப்ப?" என்று முணுமுணுத்துக்கொண்டே சட்டையைக் கழற்றிவிட்டுப் படியில் உட்கார்ந்தார். நீ பார்த்திருந்தால் சிரித்தே செத்திருப்பாய் என்று எழுத வந்தேன். அப்படி எழுதக் கூடாது என்று இப்போதுதான் உறைக்கிறது.

அண்ணாச்சி தட்டினார். படபடவென்று ஒரே சீராக விழுந்தது. இது நான் கொட்டியது மாதிரியேதான் இருக்கிறது என்றேன். "இது என் அடி. லிங்கம் இப்படி அடிக்க மாட்டான். நான் அடிச்சா ஆளு முழிச்சிருவான், அவன் அடிச்சா தூங்கிருவான்" என்று சொல்லிக் கொஞ்ச நேரம் கையை உதறிக்கொண்டு யோசித்தார். பிறகு மெதுவாக இரண்டு தட்டு தட்டிக் கையை எடுத்துவிட்டார். ஒரு மூச்சு விடும் நேரம் சும்மா இருந்தார். மறுபடி இரண்டு. மறுபடி சும்மா. "நடுவுல ஏன் நிப்பாட்டுதேன்னு ஆளுக திரும்பிப் பாப்பாவ. அப்பத்தான் அடுத்த தட்டு விழும்" என்றார்.

உன் அத்தான் கண்ணை மூடியிருந்தார். நான் தூரத்தில் நின்று என் தொடையில் தட்டிப் பார்த்தேன். இரண்டு தட்டு, அப்புறம் சும்மா. அந்தச் சும்மா இருக்கும் நேரத்தில் என் கால் தானாகவே தரையை விட்டு எழும்பப் பார்த்தது. தட்டு விழும்போது இல்லை, தட்டு நின்றபோது. நான் ஒரு நொடிகூட இடம் விடாமல் கொட்டியிருக்கிறேன், மிஷின் மிதிக்கிற கால் எனக்கு. அம்மா எங்கே காலைத் தூக்குவாள்?

திரும்பி வரும்போது பஸ்ஸில் உன் அத்தான் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இலஞ்சி தாண்டியதும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "நல்ல பிள்ள. அவன் கையால ஒரு தடவை தேய்ச்சுக்கிட்டிருக்கலாம். கூப்பிட்டுக்கிட்டேதான் இருந்தான்" என்றார்.

மறுநாள் காலை அம்மாவுக்குக் காபி கொடுத்துவிட்டு வாசலில் உட்கார்ந்தேன். துணியைச் சூடு காட்டி இறுக்கி வைத்திருந்தேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பப் போனாள். நான் கொட்ட ஆரம்பித்தேன். தும் தும். சும்மா இருந்தேன். தும் தும். சும்மா இருந்தேன். அப்படிச் சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? கை ஓடத்தான் பார்க்கிறது. அம்மா கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அப்புறம் எழுந்து நின்றாள். அடுத்த தட்டு முடிந்து நான் கையை எடுத்ததும் அவள் வலது கால் எழும்பி முன்னால் வந்து ஊன்றியது. அதற்குப் பின்னால் இடது கால்.

நான் பின்பக்கமாக நகர்ந்து நகர்ந்து கொட்டிக்கொண்டே வந்தேன். நிலைக்கு வந்ததும் நின்றாள். கையை நிறுத்தாமல் அதே நிதானத்தில் தட்டினேன். தாண்டிவிட்டாள். பாத்ரூமுக்குப் பின்பக்கம் போக வேண்டும். அம்மா முன்பக்கம் திரும்பினாள்.

"எம்மா, பாத்ரூம் இங்கன இருக்கு" என்றேன்.

அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நானும் எழுந்து பானையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பின்னாலேயே கொட்டிக்கொண்டு போனேன். முன்னறைக்கு நடுவில், ஃபேனுக்கு நேர் கீழே வந்ததும் நின்றாள். கால் ஒட்டிக்கொண்டதா என்று பயந்து பார்த்தேன். இல்லை, அவளாகத்தான் நின்றாள்.

"இங்கனதான கெடத்தியிருந்தீக?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன்.

"தலை எந்தப் பக்கம்?"

தெற்குச் சுவர்ப் பக்கம் கையை நீட்டினேன். "அங்க போகணும். தட்டு" என்றாள். தட்டினேன். சத்தம் பிசிறியது, ஆனாலும் நடுவில் விட வேண்டிய இடத்தை விட்டேன். சுவருக்குப் பக்கத்தில் போய் நின்றாள். உட்கார வை என்று கண்ணால் காட்டினாள். பானையைக் கீழே வைத்துவிட்டு அவளைத் தாங்கி மெல்ல இறக்கினேன்.

வெறும் சிமெண்ட் தரை. கழுவிக் கழுவி ஒரு தடமும் இல்லாத தரை. அம்மா அதில் நடுங்குகிற கையை வைத்தாள். நெற்றி இருந்திருக்கும் இடத்தைத் தடவினாள், கன்னம் இருந்திருக்கும் இடத்தைத் தடவினாள். "அன்னைக்கு மொகத்தப் பாக்கலட்டி நான். மாலதான் தெரிஞ்சுது. எட்டி எட்டிப் பாத்தேன், அதுக்குள்ள தூக்கிட்டாவ" என்றாள். எய்யா, எய்யா என்று உன்னைக் கூப்பிட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள். உனக்காக அவள் அழுததை அன்றைக்குத்தான் பார்த்தேன். இத்தனை நாளும் கட்டிலில் கால் வராமல் கிடந்தாள் என்று நாங்கள் நினைத்தோம். அவளுக்குப் போக வேண்டிய இடம் இது ஒன்றுதான், அங்கே அவளை நடத்திக் கொண்டுபோக வீட்டில் ஒருவரும் இல்லை.

தெருவில் மழை வலுத்து, ஓய்ந்து, திரும்ப வலுத்தது. நான் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கடைசியில் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என் தோளைப் பிடித்து எழுந்து நின்றாள்.

"கொட்டுட்டி. திரும்பிப் போகணும்லா" என்றாள்.

கொட்டினேன் லிங்கம். திரும்பி வந்தாள். இப்போது தினமும் காலையில் அந்த இடத்துக்கு ஒரு தடவை போகிறாள், நின்று பார்க்கிறாள், வருகிறாள். முதுகில் இருந்த தடம் ஆறிக்கொண்டிருக்கிறது. எனக்கு மனசு ஆறவில்லை, ஆறும் என்றும் தோன்றவில்லை. அம்மா உன்னைப் பார்க்க நடந்து வருகிறேன் என்று கேட்டபோது, பெரியம்மா பிடித்த கையை உதறிவிட்டு ஒருவராவது பானையை எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. உன் முகம் அவளுக்கு இனிக் கிடைக்காது.

ஒன்று மட்டும் சொல்கிறேன். அம்மா எங்கே போக வேண்டும் என்று கேட்டாலும் அங்கே நடந்துதான் போவாள். கல்யாண வீடானாலும் துட்டி வீடானாலும், ஊர் என்ன சொன்னாலும், நான் கொட்டுவேன். அவளை இனி நாற்காலியில் வைத்துத் தூக்க விடமாட்டேன்.

உன்னோடு கூடப்பிறந்து உன்னை முந்தவிட்டு நிற்கும்,
உன் அக்கா பேச்சியம்மாள்